எழுபத்தெட்டாவது வரி

எங்கள் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் நம் மொழிக்காரர் ஒருவர் குடியிருக்கிறார். லிப்டில் நம்மோடு ஏறினால், இறங்குவதற்குள் ஒரு சேதி சொல்லி முடித்துவிடுவார். இந்தச் செவ்வாய்க்கிழமை காலை கதவு மூடுவதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டார்.

"உங்க கம்பெனிக்கு இன்டர்வியூவுக்கு வந்த ஒருத்தர், பையிலேர்ந்து ஸ்கேலை எடுத்து மேஜையில ஓங்கி அடிச்சாராமே?"

"யார் சொன்னா?"

"எங்க ஆபீஸ்ல ஒரு பொண்ணு. அவளோட தங்கியிருக்கிறவ உங்க கம்பெனியாம். நம்ம ஆளுதானாமே? எனக்கு ஏன் வேலை குடுக்கலன்னு கத்தி, செக்யூரிட்டி வந்து அலாக்கா தூக்கிட்டுப் போனாங்களாம்."

"அப்படியெல்லாம் ஒண்ணும் நடக்கலைங்க."

"ஸ்கேல் இருந்துச்சா இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க."

"இருந்துச்சு."

"பாத்தீங்களா!" என்று தானே கண்டுபிடித்ததுபோல் தலையை ஆட்டிக்கொண்டு இறங்கிப் போனார்.

ஸ்கேல் இருந்தது. அந்தக் கதையில் அது ஒன்றுதான் நிஜம். அவர் கத்தவில்லை. யாரும் அவரைத் தூக்கவில்லை. நேர்காணல் முடிந்ததும் எல்லோருக்கும் நன்றி சொல்லி, நாற்காலியை மேஜைக்கு அடியில் தள்ளி வைத்துவிட்டுத்தான் போனார். அந்த அறையில் கடைசி நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தேன்.

ஸ்கேல் அண்ணன் என்ற பெயரை அவருக்கு வைத்ததும் நான்தான். எட்டு வருடங்களுக்கு முன், டயர் கடைக்கு மேலே இரண்டே அறைகளில் நடந்த ஒரு சின்ன கம்பெனியில் நாங்கள் முதுகோடு முதுகாக உட்கார்ந்து வேலை பார்த்தோம். பார்சல் கம்பெனிகள் தங்கள் கணக்குகளை எங்களிடம் அனுப்பும். எந்த ஊருக்கு எத்தனை வண்டி வேண்டும், எந்த வாடிக்கையாளர் விட்டுப் போய்விடுவார் என்று நாங்கள் கணித்துச் சொல்ல வேண்டும். டேட்டா சயின்ஸ் என்று வெளியே பெரிதாகப் பேசுவதெல்லாம் எங்களுக்கு இதுதான். மற்றவர்கள் கோப்பு வந்த பத்து நிமிடத்தில் திரையில் நாலு படம் வரைந்து காட்டிவிடுவோம். அவர் மட்டும் முதல் நூறு வரிகளைக் காகிதத்தில் அச்செடுத்துக்கொள்வார். முனை தேய்ந்துபோன ஒரு ஸ்டீல் ஸ்கேலை ஒவ்வொரு வரிக்கும் கீழே வைத்து, உதடு அசைய வாசிப்பார். அதற்கே அரை நாள் போய்விடும்.

"கம்ப்யூட்டர் எதுக்குண்ணா இருக்கு?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அது கூட்டும் தம்பி. படிக்காது."

"நாலாயிரம் வரியில நூறு படிச்சு என்ன ஆகப்போகுது?"

"இங்க வா. இதைப் பாரு. ஆர்டர் குடுத்தது பன்னெண்டாம் தேதி. பார்சல் போய்ச் சேர்ந்தது பத்தாம் தேதி. இந்தக் கம்பெனிக்காரன் ஞானி. மனசுல நினைச்ச உடனே வீட்டுக்கு அனுப்பிடறான்."

தேதிப் பத்திகள் இரண்டும் இடம் மாறியிருந்தன. நாங்கள் வரைந்து வைத்திருந்த அத்தனை படங்களும் குப்பைக்குப் போயின. அன்றிலிருந்து அவர் ஸ்கேல் அண்ணன். கேலியாக வைத்த பெயர்தான். முதலாளியே அப்படிக் கூப்பிட ஆரம்பித்த பிறகு கேலி போய்விட்டது, பெயர் நின்றுவிட்டது.

இந்த நாட்டுக்கு வரும்போது அவருக்கு முப்பத்தாறு வயது. அதற்கு முன் பத்து வருடம் ஓர் ஆஸ்பத்திரியின் பதிவேட்டுப் பிரிவில் இருந்தார். வீட்டுக்கு அனுப்பிய நோயாளிகளில் எத்தனை பேர் ஒரு மாதத்துக்குள் திரும்பி வருகிறார்கள் என்று பார்ப்பது அவர் வேலை. ஆளைப் பார்க்காமலேயே வரியைப் பார்த்து "இந்தம்மா திரும்பி வருவாங்க" என்று சொன்னால் வந்துவிடுவார்களாம். சொல்லிவிட்டு வருத்தப்படுவார், சரியாகச் சொல்லிவிட்டோமே என்று.

அண்ணி ஒரு தடவை மாடிப்படியில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தபோது, வேலையை விட்டுவிட்டுப் பதினோரு மாதம் வீட்டிலேயே இருந்தார். முதலாளி நல்லவர், திரும்பவும் சேர்த்துக்கொண்டார். ஆனால் அந்தப் பதினோரு மாதம் அவருடைய விண்ணப்பங்களில் ஓர் இடைவெளியாக நிரந்தரமாக உட்கார்ந்துவிட்டது.

"அந்தப் பதினோரு மாசமும் எனக்கு ஒரு மாமியார் இருந்தாங்க தம்பி. மீசை வச்ச மாமியார்," என்பார் அண்ணி. "மாத்திரை போட்டியா, மாத்திரை போட்டியான்னு பேப்பர்ல கட்டம் போட்டு டிக் பண்ணிக்கிட்டே இருப்பாரு."

நான் சின்ன கம்பெனியை விட்டு, இப்போது இருக்கும் பெரிய கம்பெனிக்கு வந்தேன். பதினான்கு மாடி, கண்ணாடிக் கதவு, கழுத்தில் அட்டை. உள்ளே போன ஒரு வருடம் வரை, யாராவது தோளைத் தட்டி "உன்னைத் தப்பாக எடுத்துவிட்டோம்" என்று சொல்லிவிடுவார்களோ என்று பயந்துகொண்டே இருந்தேன். பிறகும் அந்தப் பயம் போகவில்லை. பழகிவிட்டது, அவ்வளவுதான். இரண்டு வருடங்களுக்கு முன் எங்கள் பிரிவில் ஓர் இடம் காலியானபோது ஸ்கேல் அண்ணனைப் பரிந்துரைத்தேன்.

பரிந்துரைப்பவர் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். கடைசிக் கேள்வி: இவருடைய வேலையை ஐந்துக்கு எத்தனை என்று மதிப்பிடுவீர்கள்? அந்தப் பெட்டிக்கு முன்னால் நான் ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்திருந்தேன். நான் படித்த பள்ளியில் முழு மதிப்பெண் என்பது யாருக்கும் கிடையாது. கட்டுரை எவ்வளவு நன்றாக இருந்தாலும் பத்துக்கு ஏழுதான். ஏழு வாங்கியவன் வகுப்பில் ராஜா. அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் பயம். ஐந்து போட்டால் தன் மொழிக்காரனைத் தூக்கிவிடுகிறான் என்பார்கள். நான்கு போட்டாலும் சொல்லலாம். மூன்று போட்டால் யாரும் எதுவும் சொல்ல முடியாது. மூன்று என்றால் நல்ல வேலைக்காரர் என்றுதானே அர்த்தம்? மீதியை அவரே நேர்காணலில் காட்டிக்கொள்வார் என்று நினைத்தேன். மூன்று போட்டேன்.

எங்கள் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. வேலை கிடைத்தால் நல்ல செய்தியை முதலில் பரிந்துரைத்தவர்தான் போனில் சொல்ல வேண்டும். கிடைக்காவிட்டால் மின்னஞ்சல் போகும். அது அவருக்கும் தெரியும். ஒரு வாரம் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தாராம். குளிக்கப் போகும்போதும் குளியலறைக் கதவுக்கு வெளியே அண்ணி போனைப் பிடித்துக்கொண்டு நிற்பாராம். கடைசியில் மின்னஞ்சல்தான் வந்தது.

"பரவால்ல தம்பி. அவங்க எதிர்பாக்கற வேகம் நமக்கு இல்ல," என்றார் அவர். எனக்கு ஆறுதல் சொன்னது அவர்தான்.

இரண்டு மாதங்களுக்கு முன் அந்தச் சின்ன கம்பெனியை யாரோ வாங்கி, மறுநாளே மூடிவிட்டார்கள். வெளிநாட்டுக்காரர்களான எங்களுக்கு வேலை போனால் அறுபது நாள் கெடு. அதற்குள் வேறு கம்பெனி நம்மை எடுத்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். அவர்கள் மகள் பாப்பாவுக்குப் பள்ளிக்கூடத்தில் கடைசி வருடம். பரீட்சைக்கு நான்கு மாதம் இருந்தது. நடுவில் கிளம்பினால் அந்த வருடம் போய்விடும். வேறு மொழியில், வேறு பாடத்தில், தன்னைவிட இரண்டு வயது சின்னப் பிள்ளைகளோடு மறுபடி உட்கார வேண்டும். பாப்பா குளிர்பெட்டிக் கதவில் ஒரு தாளை ஒட்டி அறுபதிலிருந்து கீழே எழுதிக்கொண்டு வந்தாள். தினமும் காலையில் பால் எடுக்கும்போது ஒரு எண்ணை அடிப்பாள்.

அந்தச் சமயத்தில் எங்கள் பிரிவில் மறுபடி ஓர் இடம் காலியானது. மறுபடி பரிந்துரைத்தேன். இந்தத் தடவை நான்கு போட்டேன். எனக்கே என் துணிச்சல் ஆச்சரியமாக இருந்தது.

போன் பேட்டி, திரையில் நிரல் எழுதும் தேர்வு, இரண்டும் தாண்டினார். மூன்றாவதாக ஒரு கோப்பு அனுப்புவார்கள். வீட்டில் வைத்து ஆராய்ந்து, பத்து நாளில் வந்து ஐந்து பேர் முன்னால் விளக்க வேண்டும். இந்தத் தடவை அனுப்பியது எங்கள் கம்பெனிக்கே முன்பு விண்ணப்பித்தவர்களின் பட்டியல். பெயர், முகவரி எல்லாம் எடுத்துவிட்டார்கள். வயது, அனுபவம், இடைவெளி, தேர்வு மதிப்பெண், இப்படி இருபது பத்திகள், நாலாயிரம் வரிகள். கடைசிப் பத்தியில் ஒன்று அல்லது சைபர். ஒன்று என்றால் எடுத்தார்கள், சைபர் என்றால் இல்லை. யாரை எடுப்பார்கள் என்று கணிக்கும் மாடல் ஒன்றைச் செய்ய வேண்டும். பெயர் இல்லாத நாலாயிரம் வரிகளில் யார் யாரென்று எவருக்குத் தெரியப்போகிறது? எங்கள் பிரிவில் யாருக்கும் அந்தச் சந்தேகமே வரவில்லை. வரிகளை யாரும் வாசிப்பதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போனேன். கூடத்தில் ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. அண்ணி நாற்காலியில் கால் மேல் கால் போட்டுத் தேர்வுக்குழுவாக உட்கார்ந்திருந்தார்.

"உங்களோட பலவீனம் என்ன?"

"கல்யாணம்."

"இதை அங்க போய்ச் சொல்லுங்க, உடனே வேலை குடுத்துடுவாங்க, பாவம்னு."

பாப்பா தரையில் உட்கார்ந்து, அவர் சொல்வதை ஒரு நோட்டில் குறித்துக்கொண்டிருந்தாள். "அப்பா, இதோட ஒன்பது தடவை 'நாங்க'ன்னு சொல்லிட்ட. நாங்க கண்டுபிடிச்சோம், நாங்க சரி பண்ணினோம். 'நான்'னு சொல்லு. இல்லைன்னா, அப்ப நீ என்ன பண்ணினேன்னு கேப்பாங்க."

"நான்னு சொல்ல நாக்கு கூசுது பாப்பா."

"கூசட்டும். சொல்லு."

"நான்... நான் ஆர்டர் தேதி தப்புன்னு கண்டுபிடிச்சேன்."

"சித்தப்பா, நீங்க சொல்லுங்க, உண்மையிலயே அப்பாதானே கண்டுபிடிச்சாரு?"

"சத்தியமா அவருதான்," என்றேன். அண்ணி கைதட்டினார்.

பிறகு அவர் சாப்பாட்டு மேஜைக்குப் போய் அச்செடுத்த நூறு வரிகளை எடுத்து வைத்தார். ஐம்பதுகளில் நின்றிருந்தது வாசிப்பு. நான் எதிரில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தேன். ஸ்கேல் ஒவ்வொரு வரியாக இறங்கிக்கொண்டிருந்தது. ஓர் இடத்தில் நின்றது.

நின்றது, நகரவே இல்லை. உதடு மட்டும் அசைந்தது. விரலை வைத்து இடமிருந்து வலமாக ஒருமுறை போனார். மறுபடி முதலிலிருந்து போனார். களைப்பு போல என்று நினைத்தேன். அவருடைய டீயில் ஆடை படிந்துவிட்டது.

"தம்பி," என்றார், தாளிலிருந்து கண்ணை எடுக்காமல். "பரிந்துரை படிவத்துல மார்க் ஏதும் போடச் சொல்லுவாங்களா?"

அந்த ஒரு கேள்விக்கு நான் வேறு பதில் சொல்லியிருக்கலாம்.

"ஏதோ கேப்பாங்கண்ணா. சும்மா ஒரு சம்பிரதாயத்துக்கு. யார் அதெல்லாம் பாக்கறாங்க."

"ம்."

ஆறிய டீயை ஒரே மடக்கில் குடித்தார். ஸ்கேலை அடுத்த வரிக்கு நகர்த்தினார். நூறு வரை வாசித்து முடித்துவிட்டுத்தான் எழுந்தார். வாசல் வரை வந்து வழியனுப்பினார். "குளிரா இருக்கு, மப்ளரைக் கட்டிக்க தம்பி," என்றார். அப்போதே அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

போன வாரம் வியாழக்கிழமை நேர்காணல். பரிந்துரைத்தவன் மதிப்பெண் போடக் கூடாது. ஆனால் பிரிவில் இருப்பவர்கள் பின்னால் உட்கார்ந்து கேட்கலாம். சாம்பல் நிறக் கோட்டு போட்டு வந்திருந்தார். கை நீளமாக இருந்தது, அண்ணி உள்பக்கம் மடித்துத் தைத்திருந்தார். மடிக்கணினியோடு அந்தக் காகிதக் கட்டையும் ஸ்கேலையும் எடுத்து மேஜையில் வைத்தார். ஒரு பெண் ஸ்கேலைப் பார்த்துப் பக்கத்தில் இருந்தவரிடம் சிரித்தாள். மூன்றாம் மாடிக்காரர் கேட்ட கதை அங்கேதான் பிறந்திருக்க வேண்டும்.

நன்றாகவே பேசினார். "நான்" என்று சொன்னார். ஒவ்வொரு தடவையும் ஒரு நொடி தயங்கிவிட்டுச் சொன்னார். மாடல் எப்படிச் செய்தார், எந்தப் பத்திகளை விட்டார், ஏன் விட்டார் என்று விளக்கினார். எங்கள் குழுத் தலைவி, கெட்டிக்காரப் பெண்மணி, எதிரே தாளில் எழுதிக்கொண்டே வந்தார். எந்தப் பத்திக்கு அதிகக் கனம் என்று கேட்டார்.

தேர்வு மதிப்பெண்ணுக்கு அல்ல, அனுபவத்துக்கு அல்ல, என்றார் அண்ணன். பதினாறாவது பத்திக்கு. பரிந்துரைத்தவர் போட்ட மதிப்பு. ஐந்து வாங்கியவர்களில் பாதிப் பேரை எடுத்திருக்கிறார்கள். நான்கு வாங்கியவர்களில் இருபதில் ஒருவர். மூன்றும் அதற்குக் கீழேயும் வாங்கியவர்களில் ஒருவர்கூட இல்லை.

யாருக்கும் முழு மதிப்பெண் போடாத பள்ளியில் நான் படித்திருந்தேன். இங்கே ஐந்து என்றால் நல்லவர். அதற்குக் கீழே எல்லாமே ஒன்றுதான்.

ஓர் எடுத்துக்காட்டு சொல்ல முடியுமா என்று கேட்டார் தலைவி.

அவர் காகிதக் கட்டைப் புரட்டினார். தேட வேண்டியிருக்கவில்லை. ஸ்கேலை ஒரு வரியின் கீழே வைத்தார். எழுபத்தெட்டாவது வரி என்றார். வயது நாற்பத்திரண்டு. ஆஸ்பத்திரியில் பத்து வருட அனுபவம். இடைவெளி பதினோரு மாதம், காரணம் குடும்பத்தில் ஒருவரைக் கவனித்துக்கொள்ளுதல். தேர்வு மதிப்பெண் தொண்ணூற்று நான்கு, அந்தச் சுற்றில் எழுதியவர்களிலேயே முதல். பரிந்துரைத்தவர் மதிப்பு மூன்று. முடிவு சைபர். மாடலும் இவரை வேண்டாம் என்றுதான் சொல்கிறது, நூற்றுக்கு நான்கு வாய்ப்புகூட இல்லை என்கிறது. மாடல் சரியாகத்தான் வேலை செய்கிறது.

இவர் விஷயத்தில் நீங்கள் என்ன செய்திருப்பீர்கள் என்று கேட்டார் தலைவி.

அவர் ஸ்கேலை வரிக்கு நேராக்கி வைத்தார். "நான்," என்றார். இந்தத் தடவை தயங்கவில்லை. "பரிந்துரைத்தவரைக் கூப்பிட்டு, மூன்று என்றால் என்ன அர்த்தம் என்று கேட்டிருப்பேன்."

என் பக்கம் திரும்பவே இல்லை. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை திரும்பி முறைத்திருந்தால் எனக்கு இவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது. நன்றி சொன்னார். நாற்காலியைத் தள்ளி வைத்தார். அவ்வளவுதான் நடந்தது.

அன்று சாயங்காலத்திலிருந்து செவ்வாய்க்கிழமை வரை அவரை ஒன்பது தடவை கூப்பிட்டேன். எடுக்கவில்லை. 'அண்ணா, ரொம்ப அவசரம், எடுங்க' என்று செய்தி அனுப்பினேன். ஒன்பது தடவையும் அதே வார்த்தைதான். அவசரமாக என்ன இருந்தது? மன்னிப்புக் கேட்கிற அவசரம். அது என் அவசரம், அவருடையதல்ல. சனிக்கிழமை அண்ணியின் எண்ணுக்குப் போட்டேன். எடுத்தார்.

"அவர் பேசற நிலைமையில இல்ல தம்பி."

"அண்ணி, நான் வேணும்னு பண்ணல..."

"தெரியும். வேணும்னு பண்ணியிருந்தா திட்டித் தீர்த்திருப்பாரு. இப்ப அதுவும் முடியல அவருக்கு." அவரே தொடர்ந்து, "ரெண்டு வருஷம் அந்த மனுஷன், எனக்கு வேகம் பத்தல, வேகம் பத்தலன்னு சொல்லிட்டே ஓடினாரு தம்பி. காலைல எந்திரிச்சு புதுசு புதுசா என்னென்னமோ படிச்சாரு. அதான் எனக்கு ஆறல," என்றார். பிறகு அடுத்த சனிக்கிழமைக்கு டிக்கெட் எடுத்தாகிவிட்டது என்றார். அந்தச் சனிக்கிழமை அறுபதாவது நாள்.

செவ்வாய்க்கிழமை லிப்டில் அந்தக் கதையைக் கேட்டபோதுதான் எனக்குப் பொறுக்க முடியாமல் போனது. வேலையும் இல்லை, நாட்டை விட்டும் போகப்போகிறார், போகும்போது ஸ்கேலால் அடித்தவர் என்ற பெயருமா? நேரே தலைவியின் அறைக்குப் போனேன். இங்கே தங்கி வேலை பார்க்கும் என் அனுமதிச் சீட்டும் இந்தக் கம்பெனியின் கையில்தான் இருக்கிறது என்பதை ஒரு நிமிடம்கூட மறக்கவில்லை. எழுபத்தெட்டாவது வரி அவரேதான் என்றேன். மூன்று போட்டது நான் என்றேன். ஏன் போட்டேன் என்றும் சொன்னேன்.

தலைவி பேனாவை மூடி வைத்தார். நீ மூன்று போட்டபோது, இவரைப் பற்றி உனக்கு ஏதோ குறை தெரிந்திருக்கிறது, நாகரிகமாகச் சொல்கிறாய் என்று எடுத்துக்கொண்டோம் என்றார். நான்கு போட்டபோதும் அப்படித்தான். இதையெல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவாயா என்று கேட்டார். யாருடைய வரி என்று தெரிகிற கோப்பை வெளியே அனுப்பியது கம்பெனியின் தவறு, அதையும் எழுது என்றார். நல்ல பெண்மணிதான். ஒன்றரைப் பக்கம் எழுத எனக்கு ஒரு பகலும் மறுநாள் பாதியும் ஆயிற்று. சொந்தப் பயத்தை இன்னொரு மொழியில் எழுதும்போது இன்னும் கேவலமாகத் தெரிகிறது.

இன்று வெள்ளிக்கிழமை. மூன்றரை மணிக்குத் தலைவி கூப்பிட்டார். அண்ணனை எடுக்க ஐந்து பேரும் சம்மதித்துவிட்டார்கள். அவர் வாயால் ஒரு சம்மதம் சொன்னால் போதும், சட்டப் பிரிவு ஐந்து மணிக்குள் அனுமதி நீட்டிப்புக்கு மனுப் போட்டுவிடும். ஐந்துக்கு மேல் போனால் திங்கட்கிழமைதான். நாளையோடு கெடு முடிகிறது. "நல்ல சேதி சொல்ல வேண்டியவன் நீதானே," என்று தன் நாற்காலியிலிருந்து எழுந்து எனக்கு இடம் விட்டார்.

கூப்பிட்டேன். மணி போனது. எடுக்கவில்லை.

தலைவி தன் மேஜைப் போனிலிருந்து கூப்பிட்டார். தெரியாத எண். எடுக்கவில்லை. மின்னஞ்சல் அனுப்பினார். மின்னஞ்சல் வந்தால் இல்லை என்று அர்த்தம், அது அவருக்குத் தெரியும். திறக்க மாட்டார். அண்ணியின் எண்ணுக்குப் போட்டால், அந்த எண் உபயோகத்தில் இல்லை என்று ஒரு குரல் சொல்கிறது. ஊருக்குப் போகிறவர்கள் இணைப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். பாப்பாவுக்கு இன்று பள்ளிக்கூடத்தில் கடைசி நாள், அங்கே போனை வாங்கிப் பூட்டி வைத்திருப்பார்கள். 'அண்ணா, ரொம்ப அவசரம், எடுங்க' என்று அனுப்பினேன். அனுப்பிய பிறகுதான் பார்த்தேன், அதற்கு மேலே அதே வரி ஒன்பது தடவை வரிசையாக நின்றது. வேலை கிடைத்துவிட்டது என்றே எழுதி அனுப்பினேன். சமாதானத்துக்கு ஏதோ சொல்கிறான் என்று நினைப்பாரோ, திறந்தே பார்க்க மாட்டாரோ. படித்ததற்கான குறி வரவில்லை.

அவர் வீட்டுக்கு ரயிலில் ஒரு மணி பத்து நிமிடம். இப்போது மணி நான்கு இருபது. போய்ச் சேர்வதற்குள் ஐந்து தாண்டிவிடும். ஆனாலும் உட்கார்ந்திருக்க முடியவில்லை, கிளம்பி ரயிலடிக்கு வந்துவிட்டேன். வண்டி வர ஆறு நிமிடம் என்று பலகை சொல்கிறது. வீட்டில் பெட்டிகளுக்கு நடுவே அவருடைய போன் எங்கோ கிடக்கும், என் பெயர் வெளிச்சமாகத் தெரியும். இன்னும் ஒரு மன்னிப்பு என்று நினைத்துக் கவிழ்த்து வைத்திருப்பார்.

பதினெட்டாவது தடவை போட்டிருக்கிறேன். மணி போய்க்கொண்டிருக்கிறது.